எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஐ.ஏ. யார்?

முழுப்பெயர் மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்று கூப்பிடுவார்கள். லண்டன்வாசியான ஈழத்தமிழ்ப் பாடகி. ராப் பாடுவார், பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், தன் வீடியோக்களில் சிலவற்றைத் தானே இயக்கியும் இருக்கிறார். இவருடைய 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு 2008இல் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. 2009இன் தொடக்கத்தில் கிராமிக்கும் ஆஸ்கருக்கும் ஒரே பருவத்தில் இவர் பெயர் பரிந்துரையில் இருந்தது. அதே வருடம் டைம் இதழ் வெளியிட்ட, உலகில் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் இடம்பெற்றார்.

நம்மவர்களில் பலருக்கு இவரை 'ரஹ்மானோடு பாடியவர்' அல்லது 'அமெரிக்காவில் நடுவிரல் காட்டியவர்' என்ற அளவில்தான் தெரியும். அந்த இரண்டுக்கும் முன்னால் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

இலங்கையில் பிறந்தவரா?

பிறந்தது லண்டன் ஹவுன்ஸ்லோவில், 1975 ஜூலை 18. ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் போய்விட்டது. விவரம் தெரிந்த வயதெல்லாம் அங்கேதான். இடையில் கொஞ்ச காலம் அம்மாவோடும் உடன்பிறந்தவர்களோடும் சென்னையில் இருந்தார்கள், அதுவும் வசதியான வாழ்க்கை கிடையாது. அப்புறம் மறுபடி யாழ்ப்பாணம். சண்டை முற்றியபோது, 1986இல், அகதிகளாக லண்டன் திரும்பினார்கள். அப்போது மாயாவுக்கு 11 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பியவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் இவர் பாட்டுகள் நன்றாகப் புரியும்.

அவருடைய அப்பா விடுதலைப் புலியா?

இல்லை. இந்தத் தவறு ஆங்கிலப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வந்து, நம் பக்கமும் ஒட்டிக்கொண்டது. அப்பா அருட்பிரகாசம், அருளர் என்ற இயக்கப் பெயரில் அறியப்பட்டவர். 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது ஈழப் போராட்டத்தின் வரலாறு கொஞ்சமாவது தெரிந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1977 கலவரத்தில் இடம்பெயர்ந்த தமிழர்களைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' நாவலை எழுதியவரும் இவர்தான்.

தேடப்படும் மனிதர் என்பதால் அவர் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை மாமா என்றுதான் அறிமுகம் செய்தார்கள். மகள் தன் முதல் ஆல்பத்துக்கு 'அருளர்' என்று அப்பா பெயரையே வைத்தபோது, தலைப்பை மாற்றச் சொல்லி அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்ததாக மாயா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர்: 'கலா'. மூன்றாவது 'மாயா', நான்காவது 'மாதங்கி'. வரிசையாக வைத்துப் பார்த்தால் குடும்ப அட்டை மாதிரி இருக்கும். அருளர் 2019இல் காலமானார்.

லண்டனில் எப்படி வளர்ந்தார்?

தெற்கு லண்டனில் மிட்சம் என்ற பகுதி. அங்கே ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்னும் அரசுக் குடியிருப்பு. ஏழை வெள்ளையர்கள் நிறைந்த இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய தெற்காசியக் குடும்பங்களில் ஒன்று இவர்களுடையது. இனவெறிப் பேச்சு அன்றாடம். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

வீட்டிலிருந்த ரேடியோவைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போன பிறகு, பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்த ஹிப்-ஹாப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த இசை பழகியது என்று மாயா சொல்வார். சொற்கள் முழுதாகப் பிடிபடாத வயதில் தாளம் பிடிபட்டுவிட்டது. பின்னாளில் அவர் பாட்டுகளில் அர்த்தத்துக்கு முன்னால் தாளம் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இசை படித்தவரா?

இல்லை, படித்தது ஓவியமும் சினிமாவும். லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். ஸ்டென்சில் வெட்டி, ஸ்பிரே பெயின்ட் அடித்து அவர் செய்த ஓவியங்களில் புலி, பனை, துப்பாக்கி, ஹெலிகாப்டர் எல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இருக்கும். 2001இல் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார். வாங்கியவர்களில் நடிகர் ஜூட் லாவும் ஒருவர்.

இசைக்குள் நுழைந்தது பக்கவாசல் வழியாக. எலாஸ்டிகா என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் இவருக்குத் தோழியானார். அவர்களுடைய 2000ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்ததும், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கேமராவோடு கூடப் போய்ப் படம் எடுத்ததும் மாயா. அந்தப் பயணத்தில் முதலில் மேடையேறும் கலைஞராக வந்தவர் பீச்சஸ் என்ற பெண். ஒரே ஆள், ஒரே பெட்டி. ரோலண்ட் எம்சி-505 என்கிற அந்த மின்தாளப் பெட்டியைத் தட்டிக்கொண்டே முழு நிகழ்ச்சியையும் நடத்திவிடுவார். நீயும் செய்து பார் என்று மாயாவைத் தூண்டியவரும் அவரே.

இசைக்குழு தேவையில்லை, வாத்தியம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, வாடகை ஸ்டுடியோ தேவையில்லை. மேசை மேல் வைக்கிற ஒரு பெட்டி போதும். பணமும் பயிற்சியும் இல்லாத ஒருவருக்கு அந்தக் கருவி என்ன கதவைத் திறந்துவிட்டது என்பதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். மாயாவின் ஆரம்பப் பாட்டுகள் அவ்வளவு மொட்டையாக, எலும்பும் தோலுமாக ஒலிப்பது அதனால்தான். அந்த மொட்டைத்தன்மையே அவர் அடையாளம் ஆனது.

முதல் பாட்டு எப்படிப் பரவியது?

'கலாங்' 2003இல் ஒரு சின்ன நிறுவனம் மூலம் வந்தது. அச்சிட்டது 500 இசைத்தட்டு மட்டும். ஆனால் கோப்பாக இணையத்தில் கைமாறி, நடன விடுதிகளுக்கும் கல்லூரி வானொலிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. 2004இல் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்ற இசை நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. ஆல்பம் தயாராகித் தாமதமான இடைவெளியில், டிப்ளோ என்ற டிஜேயோடு சேர்ந்து ஒரு கலவைத் தொகுப்பை வெளியிட்டார். உரிமை வாங்காத பிறர் பாட்டுத் துண்டுகளோடு தன் குரலைக் கலந்த தொகுப்பு அது. கடையில் விற்க முடியாது, அதனால் கைக்குக் கை பரவியது.

'அருளர்' 2005இல் வெளிவந்தபோது பாடகியைப் பற்றி ஏற்கெனவே பேச்சு சூடாக இருந்தது. அந்த வருடம் பிரிட்டனின் மெர்க்குரி விருதுக்கான குறும்பட்டியலில் ஆல்பம் இடம்பிடித்தது. அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில் கூட்டம் விடாமல் கத்த, இறங்கியவர் மறுபடி மேடையேறிப் பாடினார். அந்த விழாவில் அது அபூர்வம். இன்று இணையத்தில் பாட்டைப் போட்டுப் பெயர் வாங்குவது சாதாரணம். யூடியூப் அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இவர் எவ்வளவு முன்னால் நின்றார் என்பது தெரியும்.

அமெரிக்கா விசா மறுத்தது உண்மையா?

உண்மை. இவர் கதையிலேயே முக்கியமான திருப்பமும் அதுதான். இரண்டாவது ஆல்பத்தை அமெரிக்காவில், அப்போது உச்சத்தில் இருந்த டிம்பலண்ட் போன்ற தயாரிப்பாளரோடு செய்வதாகத் திட்டம். 2006இல் வேலை விசா கிடைக்கவில்லை.

திட்டம் நடந்திருந்தால் நல்ல, பளபளப்பான ஓர் அமெரிக்க பாப் ஆல்பம் வந்திருக்கும். வேறு ஆறேழு பேரும் செய்யக்கூடிய ஆல்பம். கதவு மூடியதால் மாயா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்: சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். போன இடத்துச் சத்தத்தையெல்லாம் பதிவு செய்தார். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்கள் ஒரு பாட்டில் ராப் பாடுகிறார்கள். இன்னொன்றில் நைஜீரிய வம்சாவளி லண்டன் இளைஞர் ஒருவர் பிழைப்புக்கு அலைவதைப் பாடுகிறார். சென்னையில் ரஹ்மானின் ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை உட்கார வைத்துப் பதிவு செய்தார்.

2007 ஆகஸ்டில் 'கலா' வந்தது. அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் இதழ் அதை முதலிடத்தில் வைத்தது. விசா இல்லாதவர்கள், எல்லையில் நிறுத்தப்பட்டவர்கள், இரண்டாம் தரக் குடிமக்கள் போடும் சத்தத்தை வைத்தே ஒரு பாப் ஆல்பம் செய்ய முடியும், அதற்கு உலகம் முழுக்க ஆடவும் செய்வார்கள் என்று காட்டியது அது. இவர் உலகப் புகழுக்குப் போனது தன்னை மழுப்பிக்கொண்டதால் கிடையாது என்று நான் அடித்துச் சொல்வது இந்த ஆல்பத்தை வைத்துத்தான்.

அவர் பாட்டுகளில் தமிழ் இசை எங்கே இருக்கிறது?

'கலா'வைப் போடுங்கள். முதல் பாட்டு 'பாம்பூ பங்கா'. அதில் 'தளபதி' படத்து 'காட்டுக்குயிலு'வின் துண்டு ஒன்று வரும். இளையராஜா 1991இல் போட்ட பொங்கல் பாட்டு, லண்டன் நடன விடுதித் தாளத்துக்குள் புகுந்து விளையாடும். அடுத்தது 'பேர்ட் ஃப்ளூ'. நம் ஊர்க் கோயில் கொடையில் கேட்கிற உறுமி, இடைவெளியே இல்லாமல் உருளும். நடுவில் கோழிக் கொக்கரிப்பு, சிறுவர் கூச்சல். வேறு இனிமையான மெட்டு எதுவும் துணைக்கு வராது. இதைத்தான் ஆல்பத்தின் முன்னோட்டமாக வெளியே விட்டார். 'பாய்ஸ்' பாட்டிலும் அதே உறுமி, ஆனால் கரீபியன் சோகா இசையோடு கலந்து, திருவிழாக் கொண்டாட்டமாக.

மேற்கத்திய பாப்பில் இந்திய இசை என்றால் அதற்குமுன் பெரும்பாலும் சிதாரும் தபலாவும்தான். பறையும் உறுமியும் அந்த உலகத்துக்குள் நுழைந்ததே இல்லை என்று சொல்லலாம். இங்கேயே சபா மேடைகள் தள்ளி வைத்திருந்த வாத்தியத்தை, லண்டனில் வளர்ந்த ஒரு பெண் ஆல்பத்தின் முதுகெலும்பாக வைத்தார் என்பது எனக்கு இப்போதும் சிலிர்ப்பைத் தரும் விஷயம்.

தமிழில் பாடியிருக்கிறாரா?

பெரும்பாலும் ஆங்கிலம்தான். 2022இல் வந்த 'மாதா' ஆல்பத்தில் 'புத்தி' என்று ஒரு பாட்டுக்குத் தமிழ்ப் பெயரே இருக்கிறது.

'பேப்பர் பிளேன்ஸ்' ஏன் அவ்வளவு பெரிய வெற்றி?

முதலில் அந்தப் பல்லவி. ஒருமுறை கேட்டால் விடாது. பாட வேண்டிய வரிக்கு நடுவே அடுத்தடுத்துத் துப்பாக்கி வெடி, துப்பாக்கியை மறுபடி தயார் செய்யும் கிளிக், அப்புறம் கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் மணி. அதைப் பாடுவது லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிச் சிறுவர்கள். குழந்தைக் குரலில், விளையாட்டுப் பாட்டுப் போல, வெடிச் சத்தத்தோடு.

அடியில் சோம்பலாக ஓடும் கிடார் தி கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டு பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது. அதுவும் வந்தேறிகள் படும் பாட்டைப் பற்றியதுதான், தற்செயலாகப் பொருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் எல்லாம் திருடன், காசு பறிக்க வருகிறான் என்று நினைப்பவர்களின் பயத்தை அப்படியே எடுத்து, அவர்களுக்கே பாடிக் காட்டுவதுதான் பாட்டின் சாரம். விசாவுக்கு நடையாய் நடந்த அனுபவத்திலிருந்து எழுதியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பியபோது துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கிவிட்டு வேறு ஒலி போட்டார்கள், அதற்கு அவர் வெளிப்படையாகவே கோபப்பட்டார்.

ஆல்பம் வந்து ஒரு வருடம்வரை பாட்டு பெரிதாகப் பட்டியல் ஏறவில்லை. 2008இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் அதைப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்து பிடித்த தீ. அந்த வருடக் கடைசியில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் அது வந்தது. டி.ஐ., ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் ஆகிய அமெரிக்க ராப் பாடகர்கள் நால்வரும் சேர்ந்து செய்த பாட்டுக்கு இதிலிருந்து எடுத்த மாயாவின் குரல் துண்டே அடித்தளம் ஆனது.

ரஹ்மானோடு என்ன செய்தார்?

'ஸ்லம்டாக்' படத்தின் தொடக்கத்தில் வரும் 'ஓ சாயா'வை இருவரும் சேர்ந்து உருவாக்கினார்கள். சேரிச் சிறுவர்கள் போலீஸ்காரரிடமிருந்து சந்து சந்தாக ஓடும் காட்சி நினைவிருக்கும். சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரை அதற்குக் கிடைத்தது. விருது அதே படத்தின் 'ஜெய் ஹோ'வுக்குப் போனது.

இடையில் 2009 பிப்ரவரி 8, கிராமி மேடை. டி.ஐ., ஜே-ஸி உள்ளிட்ட அந்த நான்கு ராப் பாடகர்களோடு கறுப்பு வெள்ளை உடையில், நிறைமாத வயிற்றோடு மாயா ஆடிப் பாடினார். மருத்துவர் பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்திருந்த தேதியே அன்றுதான். அந்த வாரத்திலேயே மகன் பிறந்தான்.

அவருக்கு நல்ல குரலா?

நாம் 'குரல்வளம்' என்று சொல்கிற பொருளில் இல்லை. சுருதி நீட்டி நிற்க மாட்டார், கமகம் எதிர்பார்க்கக் கூடாது. பாதி பேச்சு, பாதி கோஷம், கொஞ்சம் கும்மிப் பாட்டுத் தொனி. சொல்லைத் தாளத்தின் மேல் எறிகிற விதத்தில்தான் அவர் திறமை இருக்கிறது. சங்கீதக் காதோடு மதிப்பெண் போட்டால் ஏமாற்றம்தான் வரும்.

ஈழத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினாரா?

பேசினார், அதற்கு விலையும் கொடுத்தார். அவர் புகழின் உச்சமும் வன்னிப் போரின் கடைசி மாதங்களும் ஒரே நேரத்தில் வந்தன. 2009 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்படுவதைப் பற்றிச் சொன்னார். உலகின் பெரிய மேடைகளில் அதைச் சொல்ல இடம் கிடைத்த தமிழர் அன்று வேறு யார் இருந்தார்கள்? பயங்கரவாதத்தை ஆதரிக்கிறார் என்று பட்டம் கட்டினார்கள். புலிகளை ஆதரிக்கவில்லை, மக்களுக்காகப் பேசுகிறேன் என்று அவர் சொன்னது கேட்கப்படவே இல்லை. வாழ்த்துச் சொல்ல வந்த பேட்டிகளிலும் பேச்சை அங்கே திருப்பினார். புகழைக் காப்பாற்றிக்கொள்ள வாய் மூடியிருக்கலாம். மூடவில்லை. இதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

சூப்பர் பவுல் விவகாரம் என்ன?

2012 பிப்ரவரி 5, அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி, மடோனாவின் இடைவேளை நிகழ்ச்சி. தன் வரியைப் பாடும்போது மாயா கேமராவுக்கு நடுவிரலைக் காட்டினார். ஒரு நொடி. போட்டியை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பு நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்து, பிறகு 1.66 கோடி டாலர் வரை கேட்டது. 2014இல் சமரசம் ஆனது, தொகை வெளியிடப்படவில்லை. அந்த ஒரு நொடிக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசியாவது, அதே வாரம் வந்த 'பேட் கேர்ள்ஸ்' வீடியோவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். மொராக்கோ பாலைவனச் சாலையில் பெண்கள் கார் ஓட்டிச் சறுக்கி விளையாடுவார்கள். இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓடும் கார் ஒன்றின் பக்கவாட்டில் மாயா உட்கார்ந்து நகம் ராவிக்கொண்டிருப்பார். சவூதியில் பெண்கள் வண்டி ஓட்டத் தடை இருந்த காலம்.

அவரைப் பற்றிய விமர்சனங்கள் நியாயமானவையா?

சில நியாயம். யோசிக்காமல் பேசிவிடுவார். 2016இல் அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தைப் பற்றி அவர் சொன்னது பலரைப் புண்படுத்தியது, லண்டன் ஆஃப்ரோபங்க் விழாவிலிருந்து விலக வேண்டி வந்தது. அவருக்கு அடித்தளமே கறுப்பின இசைதான் என்கிறபோது அந்தக் கோபத்தைத் தவறு சொல்ல முடியாது. ஆனால் வசதியாக வாழ்ந்துகொண்டு அகதிகளைப் பற்றிப் பாடலாமா என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. வசதி வந்ததால் பத்து வயதுவரை பார்த்தது அழிந்துவிடுமா?

பிரிட்டன் அரசு விருதை ஏன் வாங்கிக்கொண்டார்?

எம்.பி.இ. என்னும் அந்தப் பட்டம் 2019இல் அறிவிக்கப்பட்டது. போராளி அரச பதக்கம் வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். அவர் அம்மா குறைந்தபட்சக் கூலிக்கு வருடக்கணக்கில் கையால் தைத்தது இந்த மாதிரிப் பதக்கங்களுக்கான ரிப்பன்களைத்தான். அம்மாவின் உழைப்புக்காக வாங்குகிறேன் என்றார் மகள். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இப்போதும் பாடுகிறாரா?

ஆமாம். 2020இல் அமெரிக்க ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டோடு பாடிய 'ஃபிராஞ்சைஸ்' பில்போர்டில் முதலிடம் பிடித்தது. அவருக்கு அதுவே முதல் முதலிடம். 2022இல் 'மாதா' வந்தது.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

'கலா'வில், வரிசை மாற்றாமல். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், உறுமியின் அடிக்குரல் அதில் கேட்காது, ஹெட்போன் போடுங்கள். அடுத்து 'அருளர்'. அப்புறம் 2018இல் வந்த ஆவணப்படத்தைப் பாருங்கள். கல்லூரிக் காலத்திலிருந்து மாயாவே எடுத்து வைத்திருந்த வீடியோக்களைக் கொண்டு அவருடைய பழைய வகுப்புத் தோழர் ஸ்டீவ் லவரிட்ஜ் இயக்கியது. புகழுக்கு முன்பு, சொந்தக்காரர்களைத் தேடி இலங்கைக்குப் போன பெண்ணை அதில் பார்க்கலாம். 'மாயா' ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். துளைபோடும் மெஷின் சத்தமும் இரைச்சலும் நிறைந்தது, முதலில் கேட்டால் ஓடிவிடுவீர்கள்.